புகையே வராத கார்

விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று ஷோரூமிலிருந்து அழைத்தவர்கள், உற்சாகம் தரும்படி ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்று கேட்டுக்கொண்டார்கள். உங்களுக்கு உற்சாகத்தில் குறைவில்லை என்பதை வாசலிலேயே பார்த்துவிட்டேன். கார் வாங்க வந்தவள் என்று நினைத்து என்னை நோக்கி ஓடி வந்தீர்கள். ஓய்வு பெற்ற பழைய ஊழியர் என்று தெரிந்ததும் அதே வேகத்தில் திரும்பிப் போனீர்கள். அதனால் உற்சாகத்தை விட்டுவிட்டு, உங்கள் வேலைக்கு வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன்.

என் பெயர் பிலோமினா. ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் இங்கே கார் ஒப்படைக்கும் பிரிவில் இருந்தேன். ஒப்படைப்பு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரின் மேல் பட்டுத்துணி போர்த்தி, ரிப்பன் கட்டி, கேக் வெட்டி, அட்டையில் செய்த பெரிய சாவியைக் குடும்பத்தின் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் எல்லாரும் கைதட்டுவார்கள். இத்தனைக்கும் நடுவில், இந்த வண்டி எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஒருத்தி நிற்பாள். பந்தி நடக்கும்போது மேடையில் வாழ்த்துரை படிக்கிறவருக்கு என்ன மரியாதை உண்டோ, அதுதான் அவளுக்கும். அந்த ஒருத்தி நான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்புதான் ‘எக்ஸ்டெண்டட் ரேஞ்ச்’ கார்கள் நம் ஷோரூமுக்கு வந்தன. கூடுதல் தூரம் போகும் மின்சாரக் கார். நீங்கள் இன்று விற்கப்போவதும் அதைத்தான், ஆகவே ஒருமுறை நேராகச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார் மட்டும்தான். மோட்டாருக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறது. வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டால் கடை, பள்ளிக்கூடம், புழல் வரை ஒரு நடை என்று அன்றாட ஓட்டமெல்லாம் அதிலேயே முடிந்துவிடும். பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால், முன்பக்கம் இருக்கும் சின்னப் பெட்ரோல் எஞ்சின் தானாகக் கிளம்பும். அது சக்கரத்தைத் தொடவே தொடாது. ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்கித் தரும், அவ்வளவுதான். மற்ற ஹைப்ரிட் கார்கள் பலவற்றில் எஞ்சினும் சக்கரத்தைத் தள்ளும். இதில் அந்த வேலை அதற்குக் கிடையாது. மின்வெட்டுக்காகக் கடை வாசலில் ஒரு ஜெனரேட்டர் வைத்திருப்போமே, அதைத் தூக்கி வண்டிக்குள் வைத்தால் எப்படியோ அப்படி.

நல்ல வண்டி. நான் கேலி செய்வது வண்டியை அல்ல. கியர் மாற்றும் தொல்லை இல்லை. டவுனுக்குள் சத்தமில்லாமல் போகலாம். நெடுஞ்சாலையில் சார்ஜ் போடும் இடத்தைத் தேடி, அங்கே வரிசையில் நின்று, அந்த இயந்திரம் அன்றைக்குப் பார்த்துக் கெட்டுப்போயிருப்பதைக் கண்டு தலையில் கைவைக்க வேண்டாம். பெட்ரோல் ஊற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயத்துக்காகவே பெரிய பேட்டரியை வருஷம் முழுக்கச் சுமந்துகொண்டு திரிய வேண்டியதும் இல்லை. இன்னொரு வசதி, வண்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம்.

இவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடியதைச் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேலாளரை அனுப்பியிருந்தார்கள். முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் ஷூ போட்டிருப்பார். அந்த ஷூவோடு மழைக்காலத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கடப்பார் என்றால் அவருடைய தைரியத்தை நாம் பாராட்டத்தான் வேண்டும். எங்களை ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு அழைத்துப்போய் வகுப்பெடுத்தார். எஞ்சின் என்று சொன்னால் வாடிக்கையாளர் பழைய வண்டி என்று நினைத்துவிடுவார். ஜெனரேட்டர் என்றால் கல்யாண மண்டபம் ஞாபகம் வரும். ஆகையால் இரண்டையும் உச்சரிக்காதீர்கள் என்றார். வேண்டுமானால் ‘ரேஞ்ச் தோழன்’ என்று சொல்லலாம். வகுப்பு முடிந்து திரும்பும்போது, எங்கள் ஷோரூமின் இழுவை வண்டி ஓட்டுநர் ஏழுமலையிடம் இதைச் சொன்னேன். எம்.கே.பி. நகர்க்காரர், வாயில் வந்ததைப் பேசுகிறவர்.

“இன்னா மேடம், பெத்த புள்ளைக்கு அப்பன் பேரைச் சொல்லக் கூடாதுன்ற கதையா கீது,” என்றார்.

இந்தத் தோழனால் விளைந்த கூத்துகள் நிறைய. மாதவரத்திலிருந்து ஒருவர், வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது என்று சண்டைக்கு வந்தார். பார்த்தால், வாங்கிய நாளிலிருந்து சார்ஜ் வயரைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை. ஏன் சார் என்றால், தோழன்தான் தானாகவே சார்ஜ் ஏற்றிக்கொள்கிறாரே, நான் வேறு எதற்கு என்று கேட்டார். மேலாளர் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக் காபி கொடுத்து அனுப்பினார். அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன்.

கொருக்குப்பேட்டையில் தங்கதுரை அண்ணாச்சி என்று ஒரு மொத்த மளிகை வியாபாரி. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து நிலைத்தவர். கீழே கிடங்கு, மேலே வீடு. கிடங்கின் முன்பக்கம் தெருவைப் பார்த்து ஷட்டர், பின்பக்கம் சந்தில் ஒரு சின்னக் கதவு. தினமும் ஊருக்குள் சுற்றுவார், மாதம் ஒருமுறை தூத்துக்குடி போவார். இப்படிப்பட்டவருக்கென்றே செய்த கார் இது. மேலாளரே முன்னின்று விற்றார்.

ஒப்படைக்கிற அன்று அண்ணாச்சியும் அவர் மனைவி செல்வராணியும் வந்தார்கள். கடையின் கணக்கு, ஆட்கள், சரக்கு எல்லாம் அந்த அம்மாவின் பொறுப்பு என்பது பேச்சுக்கொடுத்த கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மேலாளருக்குத் தெரியவில்லை. அவர் அண்ணாச்சியின் தோளில் கைபோட்டு வண்டியைச் சுற்றி அழைத்துப்போனார். அந்த அம்மாவுக்குப் பிடிப்பதற்கு அட்டைச் சாவி கொடுத்தார். ஆண் ஓட்டுவார், பெண் சாவி பிடிப்பார் என்பது நம் தொழிலின் பழைய நம்பிக்கை. பெட்டி பெட்டியாகப் புதுத் தொழில்நுட்பம் வந்தாலும் அது மட்டும் மாறுவதில்லை.

செல்வராணி அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வண்டியைக் கிடங்குக்குள்தான் நிறுத்துவோம், அரிசியும் சீனியும் மூட்டை மூட்டையாக இருக்கிறது, புகை படியாதே என்று.

“கரண்ட் வண்டிம்மா. புகையே வராது,” என்றார் மேலாளர்.

நான் குறுக்கே பேசினேன். பேட்டரி இறங்கினால் எஞ்சின் கிளம்பும், அப்போது புகை வரும் என்று தொடங்குவதற்குள் மேலாளர் எல்லாரையும் கேக் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு அண்ணாச்சி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபோது அவரிடம் தனியாகச் சொன்னேன், மூடிய இடத்தில் எஞ்சினை ஓட விடாதீர்கள் என்று. சரிம்மா, சரிம்மா என்றார். அவர் கவனமெல்லாம் சட்டையில் ஒட்டிய கிரீமைத் துடைப்பதில் இருந்தது.

அதற்கப்புறம் அண்ணாச்சி வண்டியைக் கொண்டாடினார். வாரக்கணக்கில் பெட்ரோல் பங்க் பக்கமே போகவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். முதல் முறையாகத் தனியே தூத்துக்குடிக்குக் கிளம்பியபோது வழியில் ஒரு டீக்கடையிலிருந்து எனக்குப் போன் வந்தது.

“ஏம்மா, வண்டி சும்மா நிக்கையில உறுமுதே. பேய் பிடிச்சிட்டா?” என்றார்.

பேட்டரி இறங்கியதால் எஞ்சின் கிளம்பி மின்சாரம் போட்டுக்கொண்டிருக்கிறது, வண்டி நின்றாலும் அது ஓடும், நீங்கள் பாட்டுக்கு டீயைக் குடியுங்கள் என்றேன். இப்படி ஒரு சங்கதி உள்ளே இருப்பதையே மறந்துவிட்டேன் என்று சிரித்தார். ஒரு வண்டி நன்றாக வேலை செய்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதை மனிதர் மறந்துவிடுவார். நம்முடைய தொழிலே அந்த மறதியை வளர்த்து விற்பதுதான். ஊருக்குப் போய் வந்த பிறகாவது வீட்டில் இதைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வண்டி உறுமியதைக் கண்டு பயந்தோம் என்று பெண்டாட்டியிடம் சொல்கிற ஆண்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறார்.

அந்த வருஷம் மழை பெரிதாகப் பெய்தது. வடசென்னை எப்படி மூழ்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும், சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர்ப் பக்கம் கடலும் வானமும் ஒன்றாகிவிட்டன. கொருக்குப்பேட்டையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மழை விட்ட மறுநாள் காலை ஷோரூமைத் திறந்தோம். தண்ணீரில் மூழ்கிய கார்களை இழுத்துவரச் சொல்லிப் போன் மேல் போன். அதில் ஒன்று செல்வராணியுடையது.

குரல் உற்சாகமாக இருந்தது. அண்ணாச்சி ஒரு சாவுக்காக ரயிலில் ஊருக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டாராம். தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பக்கத்துத் தாழ்வான வீடுகளில் இருந்தவர்களையெல்லாம், மேல்வீடு கொள்ளாது என்று, இவர்தான் கிடங்குக்குள் அழைத்து, ஒருத்தர் விடாமல் மூட்டைகள் மேல் உட்கார வைத்திருக்கிறார். கிடங்கின் தரை தெருவைவிட உயரம். தண்ணீர் உள்ளே வராமல் ஷட்டரை இறக்கி, கீழே மணல் மூட்டை வைத்து, பின்கதவையும் சாத்தி எண்ணெய் டின்களை முட்டுக் கொடுத்திருக்கிறார். வண்டியிலிருந்து வயர் இழுத்ததில் விளக்கு, மின்விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடின, எல்லாருடைய போனும் சார்ஜில் இருந்தன. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. தண்ணீரைத் தவிர வேறு எதிரி இல்லை என்றால் அதில் ஒரு குறையும் இல்லை.

பேட்டரி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்கத்தான் அழைத்திருந்தார். பேச்சோடு பேச்சாக, காலையிலிருந்து வண்டி ஒரு மாதிரி சத்தம் போடுகிறது என்றும் சொன்னார். போனை வண்டிக்கு அருகில் கொண்டுபோகச் சொன்னேன். சீரான உறுமல் கேட்டது. மூடிய ஒரு கிடங்குக்குள், அத்தனை பேரோடு, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். எல்லாருக்கும் தலைவலிதான், ரெண்டு பேர் வாந்தி எடுத்தார்கள், மழைத்தண்ணியும் பட்டினியும் சேர்ந்துகொண்டது, சிலர் தூங்குகிறார்கள் என்றார்.

எஞ்சின் புகையில் உயிரைக் குடிக்கிற வாயு ஒன்று இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில் போனவர்கள் திரும்பி வருவதில்லை. இதையெல்லாம் போனில் பாடம் எடுக்க நேரமில்லை. ரேஞ்ச் தோழனைப் பற்றி விளக்கவும் நேரமில்லை.

“அம்மா, உங்க வண்டிக்குள்ள ஓடுறது ஜெனரேட்டர். பெட்ரோல் ஜெனரேட்டர்,” என்றேன்.

வண்டியை அணைத்துவிட்டு, ஷட்டரைத் தூக்கி எல்லாரையும் வெளியே அனுப்புங்கள் என்றேன். ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் உள்ளே வரும், அரிசி போகும், சீனி போகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எழுந்திரிங்க, எல்லாரும் எழுந்திரிங்க என்று அவர் போடும் சத்தம் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அழைத்தும் கிடைக்கவில்லை.

நான் ஏழுமலையைக் கூப்பிட்டபோது மேலாளர் குறுக்கே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது உண்மைதான், மனிதர்தானே. ஆனால் வெளுத்த முகத்தோடு அவர் சொன்னது, முதலில் வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் பதியச் சொல்லுங்கள் என்பது. நாம் நேரில் போனால் நம் தவறு என்று ஆகிவிடுமாம். சட்டப் பிரிவைக் கேட்காமல் வண்டியை எடுக்கக் கூடாதாம். அவர் சட்டப் பிரிவுக்குப் போன் போட்டார். அங்கே ஒரு பெண்குரல், எங்கள் பிரதிநிதிகள் அனைவரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள் என்று சொல்லி வீணை வாசிக்க ஆரம்பித்தது. அந்த வீணையை அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அவர் போனில் காத்திருக்கும் நேரம் உங்களுடையது.

இழுவை வண்டி உயரமானது என்பதால் தண்ணீரில் போக முடிந்தது. ஆம்புலன்சுக்கு நான் போட்ட போன் கிடைத்தது. தண்ணீர் வடிந்த ரோடு வழியாகச் சுற்றித்தான் வர முடியும் என்றார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் பாதி ஏறியிருந்தது. மணல் மூட்டைகளைத் தாண்டித் தெருத்தண்ணீர் கிடங்குக்குள் போய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் எதிர்வீட்டுப் படிகளிலும் நிறுத்தியிருந்த ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலும் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். செல்வராணி தண்ணீரில் நின்றபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், முனுசாமியைக் காணோம் என்றார்.

முனுசாமி கடையில் மூட்டை தூக்குகிறவர். கிடங்கின் கடைசியில், கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்த மூட்டைகள் மேல் ஏறிப் படுத்திருக்கிறார். இருட்டில் யாரும் கவனிக்கவில்லை.

ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டியதுபோல பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே பாயப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். கூட்டத்தில் ஒரு கிழவர் ஈரத்துண்டை நீட்டி, மூக்கில் கட்டிக்கொண்டு போ என்றார். ஈரத்துண்டு அடுப்புப் புகைக்கு உதவும், இந்த வாயுவுக்கு உதவாது. அந்த இருட்டில் ஏறி ஒரு ஆளைச் சுமந்து இறங்குவதற்குள் இவரும் அங்கேயே படுத்துவிடுவார். வண்டியை அணைத்தாயிற்றா என்று செல்வராணியிடம் கேட்டேன். அணைத்தாயிற்று என்றார். பின்கதவு? சாத்தியபடிதான் இருந்தது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனால்தான் வாயு வெளியேறும். நாலு பேரைச் சந்து வழியாக அனுப்பிப் பின்கதவை உடைக்கச் சொன்னேன். ஷட்டரை மேலே வரை தூக்கச் சொன்னேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குக் கிடைத்த வசவு என் ஆயுசுக்கும் போதும். ஒரு பெண், தன் வீட்டு ஆளாக இருந்தால் இப்படி நிற்பாயா என்று கேட்டாள். இன்னொருவர், கார் கம்பெனிக்காரி கலீஜ் வேலை பண்ணிட்டு உள்ளே போக விடமாட்டேங்கிறா என்றார். ஏழுமலை என் கையை உதறிவிடுவாரோ என்று பயந்தேன்.

“மேடம், வுடுங்க. மன்சன் உள்ள கீறான்,” என்றார்.

“நீயும் உள்ள படுத்தா உன்னை யார் தூக்குறது?” என்றேன்.

பின்னால் கதவு உடைகிற சத்தம் கேட்டது. எண்ணெய் டின்கள் தண்ணீரில் உருண்டன. சந்திலிருந்து ஈரக்காற்று கிடங்கு வழியாக வந்து முகத்தில் அடித்தது. அப்போதும் கையை உடனே விடவில்லை. நன்றாகக் காற்று வாங்கட்டும் என்று நின்றேன். அதன் பிறகுதான் அவரும் இன்னொரு ஆளுமாக ஓடினார்கள். முனுசாமியை அரிசி மூட்டை தூக்குவது போலத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார் ஏழுமலை. மூச்சு இருந்தது. முகம் மட்டும் ஆரோக்கியமானவரைப் போலச் சிவந்து கிடந்தது. உதடு அசையவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை நிற்காமல் அவரையும், தள்ளாடியவர்களையும் இழுவை வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மழைக்கூட்டம். தேள்கடி, கரண்ட் ஷாக், வயிற்றுப்போக்கு என்று வராந்தா நிறைந்திருந்தது. பணியில் இருந்த பெண் டாக்டர் முனுசாமியின் கண்ணை விரித்துப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். கூட வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பசி மயக்கம், மழைத்தண்ணி, சரக்கு போட்டிருப்பான் என்று.

அப்போது பார்த்து மேலாளரின் போன். வீணை முடிந்து சட்டப் பிரிவு கிடைத்துவிட்டது போலும். ஆஸ்பத்திரியில் எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள், கூட்டத்தில் காற்றோட்டம் இல்லாமல் மயங்கிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், காரைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமில்லை என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. காற்றோட்டம் இல்லைதான். மயங்கினார்கள்தான். நம் தொழிலில் பெரும்பாலான பொய்களை இப்படி உண்மைகளை வைத்தே கட்டுகிறோம்.

அந்தப் போனைக் காதில் வைத்தபடியே டாக்டரிடம் சொன்னேன், மூடிய கிடங்குக்குள் பெட்ரோல் எஞ்சின் ஓடியிருக்கிறது, காலையிலிருந்து அந்தப் புகையில் இருந்திருக்கிறார்கள் என்று. மேலாளருக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். டாக்டர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆக்சிஜன் சிலிண்டரை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். மற்றவர்களையும் வரிசையாக உட்காரவைத்து முகமூடி மாட்டினார்கள். பசி மயக்கம் என்று குளுக்கோஸ் ஏற்றி வராந்தாவில் படுக்கவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு அவரிடம் கேட்டேன். அதை நினைக்காமல் இருங்கள் என்றார்.

முனுசாமி கண் திறந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. செல்வராணி கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். புடவை தொடைவரை ஈரம். முனுசாமி முகமூடியை விலக்கிக்கொண்டு, சக்கரை மூட்டையெல்லாம் நனைஞ்சிடுச்சாம்மா என்று கேட்டார். அதுவரை தைரியமாக இருந்த அந்த அம்மா அப்போதுதான் அழுதார்.

வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“எங்க கடைக்கு ஜெனரேட்டர் புதுசாம்மா?” என்றார். “வாங்குன நாள்லேர்ந்து வாசல்லதான் வச்சு ஓட்டுதோம், அதான் இந்த வெள்ளத்துல முங்கிட்டு. பக்கத்துக் கடைக்காரன் உள்ள வச்சா நானே போய்ச் சண்டை போடுவேன். இதையும் ஜெனரேட்டர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உள்ள வச்சிருப்பனா?”

கொருக்குப்பேட்டையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த ஒரு வார்த்தையை, கல்யாண மண்டபம் ஞாபகம் வரும் என்று நாங்கள் ஒளித்து வைத்திருந்தோம். அதற்குப் பெயர் சந்தைப்படுத்தல்.

தலைமை அலுவலகம் விசாரித்தது. வாடிக்கையாளர் தவறாகப் பயன்படுத்தியதால் நேர்ந்தது என்று முடிவு கட்டினார்கள். அதன் பிறகு வந்த வண்டிகளில் ஓட்டுநரின் வெயில்மறைப்புப் பலகைக்குப் பின்னால் ஒரு எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும், போய்ப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் நிறுத்தி, தலையைச் சாய்த்தால் படித்துவிடலாம். மேலாளரைத் தண்டிக்கவில்லை, பதவி உயர்வும் கொடுக்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. அவர் இங்கேயே இருந்தார். இன்று உங்களுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தது வேறு ஒருவர் என்பதால் நீங்கள் பயப்பட வேண்டாம், தாராளமாகச் சிரிக்கலாம்.

அண்ணாச்சி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். ஊரிலிருந்து வந்ததும் அவர் அப்படித்தான் குதித்தாராம். செல்வராணி ஒப்புக்கொள்ளவில்லை. வண்டி மேல் என்ன குற்றம், அதைப் பற்றி வாயைத் திறக்காதவர்கள் மேல்தானே குற்றம் என்றிருக்கிறார். தண்ணீர் வடிந்து, நனைந்த சரக்கையெல்லாம் அப்புறப்படுத்திய பிறகு, ஒரு நாள் மத்தியானம் இருவரும் ஷோரூமுக்கு வந்தார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது செல்வராணி. அண்ணாச்சி பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கினார்.

மேலாளர் வழக்கம்போல அண்ணாச்சியிடம் போய்க் கை கொடுத்து, சார் காபி சாப்பிடுகிறீர்களா, டீ சாப்பிடுகிறீர்களா என்றார். அண்ணாச்சி டீ என்றார். அவரை சோபாவில் உட்காரவைத்து, புதிதாக வந்திருக்கும் மாடல்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

செல்வராணி ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். என் பணிக்காலம் முழுக்க எத்தனையோ பேருக்கு வண்டியை விளக்கியிருக்கிறேன். ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு வேகம் போகும், மலையில் ஏறுமா, மேற்கூரை திறக்குமா என்று கேட்டவர்கள்தான் எல்லாரும். விளம்பரத்திலும் நாம் அதைத்தான் போடுகிறோம்.

“இந்த வண்டிய எங்கெங்க நிறுத்தக் கூடாது, என்னென்ன செய்யக் கூடாது. மொதல்ல அதைச் சொல்லுங்க,” என்றார்.

சொன்னேன். ஷோரூம் மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.